தேதியை மறந்த கருவியும் நொடியின் வரலாறும்

சற்று நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

பெங்களூரு எஸ்.பி. சாலையின் பழைய மின்னணுப் பொருள் கடைகளில், இருபது ஆண்டுகளுக்கு முற்பட்ட ஜிபிஎஸ் வாங்கிகள் காயலான் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றுள் பல பழுதானவை அல்ல. ஆன்டெனாவை இணைத்து வானம் தெரியும் இடத்தில் வைத்தால், சில நிமிடங்களில் செயற்கைக்கோள்களைக் கண்டுகொள்கின்றன. இருக்கும் இடத்தைச் சரியாகச் சொல்கின்றன. மணியையும் நிமிடத்தையும் நொடியையும் பிழையின்றிச் சொல்கின்றன. தேதியை மட்டும் தவறாகச் சொல்கின்றன. 2024 ஏப்ரல் 14 அன்று, சித்திரை முதல் நாளில், இத்தகைய கருவி ஒன்று காட்டியிருக்கக்கூடிய தேதி 2004 ஆகஸ்ட் 29. வேடிக்கை என்னவென்றால், கிழமை மாறுவதில்லை. இரண்டுமே ஞாயிற்றுக்கிழமைகள்தாம்.

காரணம் எளியது. ஜிபிஎஸ் அமைப்பு தன் காலத்தை 1980 ஜனவரி 6 முதல் வாரக் கணக்கில் எண்ணுகிறது. அந்த வார எண்ணுக்கு ஒதுக்கப்பட்ட இடம் பத்து பிட் மட்டுமே. பத்து பிட்டில் 0 முதல் 1023 வரைதான் எழுத முடியும். 1024 வாரங்கள், அதாவது 7168 நாள்கள் ஆனதும் எண் மீண்டும் சுழியத்துக்குத் திரும்பிவிடும். முதல் திரும்பல் 1999 ஆகஸ்ட் 21ஆம் நாள் நள்ளிரவில் நிகழ்ந்தது. இரண்டாவது 2019 ஏப்ரல் 6ஆம் நாள் நள்ளிரவில். இரண்டாவது திரும்பலின்போது நியூயார்க் மாநகராட்சியின் கம்பியில்லா வலையமைப்பு பல நாள் முடங்கியது. இது எத்தனையாவது சுற்று என்பதைச் செயற்கைக்கோளின் பழைய சமிக்ஞை சொல்வதில்லை. வாங்கியே ஊகித்துக்கொள்ள வேண்டும். ஊகத்தின் எல்லை கடந்த பழைய கருவி, ஏறத்தாழ இருபது ஆண்டு பின்னோக்கிப் போய்விடுகிறது.

கல்வெட்டு படிப்போருக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. நம் அறுபது ஆண்டுச் சுழற்சியும் இதே இயல்புடையது. 'விளம்பி வருடம்' என்று மட்டும் ஓர் ஓலையில் எழுதியிருந்தால் அது 1958ஆ, 1898ஆ, 1838ஆ என்று அந்தப் பெயரால் மட்டும் அறிய இயலாது. (ஜிபிஎஸ்ஸின் இரண்டாவது திரும்பல் நிகழ்ந்ததும் ஒரு விளம்பி ஆண்டின் கடைசி வாரத்தில்தான்.) மன்னனின் ஆட்சியாண்டைச் சொல்லும் சோழர் கல்வெட்டுகளிலும் நிலை இதுவே. எந்த இராசேந்திரன், எந்தக் குலோத்துங்கன் என்பது தெளிவாகாதவரை, 'யாண்டு' என்ற சொல்லுக்குப் பின் வரும் எண் ஒரு மிதக்கும் எண்தான்.

இந்த மிதப்பைக் கட்டிப்போடப் பெரும் உழைப்பை நல்கியவர் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை (1865–1925). 1911இல் இந்தியக் காலவியல் குறித்த நூலையும், 1922இல் பல நூற்றாண்டுகளுக்கான இந்தியப் பஞ்சாங்க அட்டவணைகளையும் அவர் வெளியிட்டார். கல்வெட்டு தரும் திதி, நட்சத்திரம், கிழமை ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, அவை அனைத்தும் ஒருசேர அமையும் நாளைக் கண்டடைவது அவர் கையாண்ட நெறி. ஒரு சுழற்சியின் ஐயத்தை, அந்தச் சுழற்சிக்கு உட்படாத வேறொரு சான்றுதான் தீர்க்கும் என்பதே இதன் அடிப்படை. அறுபது ஆண்டுகள் முழு வாரங்களாக வகுபடுவதில்லை. ஆதலால் ஒரு விளம்பியின் குறிப்பிட்ட நாள் திங்களானால், அடுத்த விளம்பியில் அதே நாள் வேறு கிழமையில் வரும். எனவே கல்வெட்டாய்வில் கிழமை ஒரு நல்ல சாட்சி. ஜிபிஎஸ் வாங்கியிலோ கிழமை பயன்படாத சாட்சி. ஏனெனில் அங்கே சுழற்சியே வாரங்களால் ஆனது.

அங்கும் வேறொரு சாட்சி உண்டு. புவியின் சுழற்சியோடு ஒத்துப்போகவென்று உலகப் பொது நேரத்தில் அவ்வப்போது ஒரு நொடி கூட்டப்படுகிறது. ஜிபிஎஸ் நேரத்தில் அது கூட்டப்படுவதில்லை. இரண்டுக்குமான இடைவெளியைச் செயற்கைக்கோள்கள் தனியே ஒலிபரப்புகின்றன. 2004இல் அந்த இடைவெளி 13 நொடி. 2017 ஜனவரி 1 முதல் 18 நொடி. 'இன்று 2004 ஆகஸ்ட்' என்று சொல்லும் கருவியே, 'இடைவெளி 18 நொடி' என்றும் சொல்லுமானால், அதன் வாக்குமூலம் தன்னைத்தானே மறுக்கிறது. இந்த முரணைக் கொண்டு உண்மையான சுற்றை உய்த்துணர முடியும். சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் நெறிக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை.

இனி நொடிக்கு வருவோம். தேதி தவறினாலும் நொடி தவறாத கருவியை எப்படிப் புரிந்துகொள்வது? காலம் பற்றிய நம் பேச்சில் இரு வேறு செயல்கள் கலந்துள்ளன. ஒன்று அளத்தல், மற்றொன்று பெயரிடுதல். தமிழ் இலக்கணம் இவற்றுள் முதலாவதை மிக முன்பே தனித்துக் கண்டது. தொல்காப்பிய நூன்மரபு, ஒலியின் அளவாகிய மாத்திரையைக் கண்ணிமைக்கும் நேரத்தாலும் கைநொடிக்கும் நேரத்தாலும் வரையறுக்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. அங்கே நாளுமில்லை, கோளுமில்லை. உடலே அளவுகோல். இன்று நாம் வழங்கும் 'நொடி' என்னும் சொல் அந்த விரலொலியிலிருந்து வந்ததே.

'விநாடி'யின் கதை வேறு. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 60 விநாடி. ஆகவே நாழிகை என்பது 24 நிமிடம். பழைய விநாடி என்பது இன்றைய கணக்கில் 24 நொடி. பஞ்சாங்கங்களில் இன்றளவும் அந்தப் பழைய விநாடியே அச்சாகிறது. பள்ளிப் பாடநூலிலோ, கைக்கடிகாரப் பேச்சிலோ 'வினாடி' என்றால் நிமிடத்தின் அறுபதில் ஒரு பங்கு. ஒரே சொல், ஒரே வீட்டில், நாள்காட்டிக்கு ஒரு பொருளும் கடிகாரத்துக்கு வேறொரு பொருளுமாக வாழ்கிறது. சொல் நிலைத்து நிற்க, அது சுட்டும் அளவு இருபத்துநான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. இக்கட்டுரையில் நான் 'நொடி' என்றே எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

நாழிகையை அளக்க நீர்க்கடிகை இருந்தது. முல்லைப்பாட்டு, பாசறையில் வேந்தனுக்கு நாழிகை அறிவிக்கும் பணியாளரைக் காட்டுகிறது. அவர்களது நீர்க்கலத்துக்குக் 'கன்னல்' என்று பெயர். அளப்பவர் ஒருவர், கேட்டு நடப்பவர் பலர் என்னும் ஏற்பாடு அன்றே இருந்தது. இன்றைய நேரச் சேவையகமும் செய்வது அதைத்தான்.

தென்னிந்தியாவில் இந்த ஏற்பாடு நவீன வடிவம் கொண்ட இடம் சென்னை நுங்கம்பாக்கம். 1786இல் வில்லியம் பெட்ரி தனிப்பட்ட முறையில் தொடங்கிய வானாய்வகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுக்கொண்டு, 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. கருவியைத் தாங்க நிறுத்தப்பட்ட கருங்கல் தூணில் தமிழும் தெலுங்கும் உள்ளிட்ட மொழிகளில் எழுத்துகள் பொறிக்கப்பட்டன. அத்தூண் இன்றும் அங்குள்ள வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. ஜான் கோல்டிங்ஹாம் அவ்விடத்தின் தீர்க்கரேகையைக் கணித்தார். கிரீன்விச்சைவிட ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முந்திய 'மெட்ராஸ் நேரம்' இவ்வாறு நிலைபெற்றது. விண்மீன்கள் உச்சி கடக்கும் கணத்தைப் பார்த்து ஊசல் கடிகாரத்தைத் திருத்துவது வானாய்வகத்தின் வேலை. அந்த நேரத்தைக் கோட்டைப் பீரங்கியும் தந்திக் கம்பியும் ஊருக்குக் கொண்டுசென்றன. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்டிருந்ததால், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்வேக்கும் அதுவே பொது நேரமாயிற்று.

அவ்வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியை இங்கே நினைவுகூர வேண்டும். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடக்கும் நிகழ்வைப் பொதுமக்களுக்கு விளக்கும் சிறுநூலைப் பல இந்திய மொழிகளில் கொண்டுவர முயன்றவர். வானில் கண்டதையும் வாய்பாட்டில் கற்றதையும் ஒத்துப்பார்த்து, பஞ்சாங்கத்தைத் திருக்கணித முறையில் திருத்த முனைந்தவர். வாக்கியமா திருக்கணிதமா என்னும் விவாதம் இன்றும் நம் வீடுகளில் ஓயவில்லை. மரபுவழி வந்த அட்டவணை பெரிதா, இன்று வானில் தெரிவது பெரிதா என்பதே அதன் உள்ளீடு. தேதி பிறழ்ந்த ஜிபிஎஸ் வாங்கியைச் சரிசெய்பவரும் அதே கேள்வியைத்தான் எதிர்கொள்கிறார்.

மெட்ராஸ் நேரம் பெங்களூருக்கு வந்தது ரயிலில்தான் எனலாம். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூரு கண்டோன்மென்ட் வரையிலான இருப்புப்பாதை 1864 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. சூரியனைக் கொண்டு கணித்தால் பெங்களூரு, சென்னையைவிட ஏறத்தாழ 10 நிமிடம் பின்தங்கியது. நிலையக் கடிகாரத்துக்கும் ஊர்ச் சூரியனுக்கும் இடையே அவ்வளவு இடைவெளி விழுந்தது. 1906 ஜனவரி 1 முதல், 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வந்தபோது இடைவெளி இன்னும் விரிந்தது. இன்று அத்திபெலேயில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பிற்பகல் 12 மணி 19 நிமிடத்துக்கு. கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போது நம் நிழல் இன்னும் மேற்கே சாய்ந்திருக்கிறது. பொது வாழ்வுக்காக நாம் செய்துகொண்ட உடன்படிக்கையின் விலை அந்த 19 நிமிடம்.

நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் பணிகள் 1899இல் கொடைக்கானலுக்குப் பெயர்ந்தன. அம்மரபின் நேர் வாரிசான இந்திய வானியற்பியல் நிறுவனம் 1971இல் தன்னாட்சி பெற்று, இன்று பெங்களூரு கோரமங்கலாவில் இயங்குகிறது. அங்கிருந்து ஓசூர் சாலையைப் பிடித்தால் முதலில் மடிவாளா. அங்குள்ள சோமேசுவரர் கோயில் சுவரில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. மேலும் தெற்கே வந்தால் ஆனேக்கல் வட்டத்து அத்திபெலே, மாநில எல்லை. எல்லையைத் தாண்டிய சில கிலோமீட்டரில் ஓசூர். அங்கே டைட்டன் கைக்கடிகாரத் தொழிற்சாலை. பெங்களூரில் 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து எச்.எம்.டி. கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. 1984இல் டாடாவும் தமிழ்நாட்டுத் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் இணைந்து உருவாக்கியது டைட்டன். சாவி கொடுக்கும் கடிகாரம் வடக்கே, குவார்ட்சு கடிகாரம் தெற்கே என்று ஒரு தலைமுறையின் மணிக்கட்டு இந்தச் சாலையின் இரு முனைகளுக்கும் கடன்பட்டது. இந்திய நேர வரலாற்றின் இத்தனை அடுக்குகளும் ஒரே நெடுஞ்சாலையில் அமைந்திருப்பதை, அத்திபெலேயில் குடியிருந்துகொண்டு எண்ணாமல் இருக்க முடிவதில்லை.

குவார்ட்சுப் படிகம் மலிவானது. ஆனால் வெப்பத்துக்கும் முதுமைக்கும் ஆட்படுவது. நம் கணினிக்குள் இருப்பதும் அதுதான். பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை என்று கொண்டாலும், நாளொன்றுக்கு 1.7 நொடி பிறழும். என் ஆய்வுக்கு இது நேரடித் தொல்லை. எல்லைப்புறத் தமிழ்ப் பேச்சைப் பதிவு செய்யும்போது இரண்டு மூன்று கருவிகள் தனித்தனியே ஓடும். குறிலுக்கும் நெடிலுக்குமான வேறுபாடு நூறு மில்லிநொடி அளவில் நிற்பது. ஒரு நாள் பதிவுக்குள் கருவிகள் ஒன்றோடொன்று ஒரு நொடி விலகினால், ஒருவர் பேச்சு முடியுமுன் மற்றவர் குறுக்கிட்டாரா, முடித்த பின் தொடங்கினாரா என்பதே ஐயத்துக்குரியதாகிவிடும்.

இணையத்தில் நேரத்தைப் பகிர்வதற்கான நெறிமுறையை வகுத்தவர் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ். 1985இல் அதன் முதல் வரையறை வெளியானது. 2024 ஜனவரியில் அவர் மறைந்தார். என்.டி.பி. எனப்படும் அந்நெறிமுறையில் அடுக்குகள் உண்டு. அணுக்கடிகாரமோ ஜிபிஎஸ் வாங்கியோ சுழியம். அதனோடு நேரே இணைந்த கணினி முதல் அடுக்கு. அதனிடம் கேட்கும் கணினி இரண்டாம் அடுக்கு. கேட்ட நேரம், பெற்ற நேரம், விடையளித்த நேரம், விடை வந்த நேரம் ஆகிய நான்கையும் கொண்டு, வழியில் ஆன தாமதத்தைக் கழித்துக் கடிகாரத்தைத் திருத்துகிறது. போகும் வழியும் வரும் வழியும் சமமாக இருக்கும் என்பது அதன் நம்பிக்கை. இணையத்தில் அந்நம்பிக்கை பெரும்பாலும் சில மில்லிநொடி அளவில் பொய்க்கும். வீட்டுக்குள் உள்ள வலையமைப்பில் மிகச் சிறிதே பொய்க்கும்.

பழைய வாங்கி பயன்படுவது இங்கேதான். அது இரண்டு வகையில் பேசுகிறது. ஒன்று, தொடர்க்கம்பி வழியே எழுத்தாக வரும் செய்தி: இடம், தேதி, மணி. இது வந்து சேர்வதில் பல மில்லிநொடி முன்பின் ஆகும். மற்றொன்று, ஒவ்வொரு நொடியின் தொடக்கத்திலும் தனிக் கம்பியில் எழும் ஒரு மின் துடிப்பு. அதில் எழுத்தில்லை, எண்ணில்லை, தேதியில்லை. கைநொடிப்பைப் போன்ற ஒரு 'டக்' மட்டுமே. ஆனால் அது ஒரு மைக்ரோநொடிக்குள் துல்லியமானது. அதன் பின்னால் நிற்பவை செயற்கைக்கோளின் ருபீடியம், சீசியம் அணுக்கடிகாரங்கள். அவை விண்ணில் நாளொன்றுக்கு 38 மைக்ரோநொடி விரைந்தோடும் என்று சார்பியல் கணித்ததையும் முன்கூட்டியே ஈடுசெய்துதான் அனுப்பியிருக்கிறார்கள்.

எனவே தீர்வு இப்படி அமைகிறது. துடிப்புக் கம்பியை ஒரு சிறு கணினியின் உள்ளீட்டில் இணைக்க வேண்டும். 'இது எந்த நாள், எந்த நொடி' என்பதை இணையத்திலுள்ள நம்பகமான இரண்டு மூன்று சேவையகங்களிடம் கேட்டுக்கொள்ளலாம். அரை நொடிக்குள் சரியாக இருந்தால் போதும். 'அந்த நொடி சரியாக எப்போது தொடங்குகிறது' என்பதைப் பழைய வாங்கியிடம் கேட்க வேண்டும். இணையம் இல்லாத இடத்தில், வாங்கி சொல்லும் தேதியோடு 7168 நாளைக் கூட்டிக்கொள்ளும்படி மென்பொருளுக்குச் சொல்லிவிடலாம். அத்திபெலேயில் என் வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஆன்டெனாவும், உள்ளே அலமாரியில் அந்தச் சிறு கணினியும் இருக்கின்றன. ஆன்டெனாக் கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 5 நானோநொடி தாமதம் தரும். என் தேவைக்கு அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. மின்னல் காலத்தில் கம்பியைக் கழற்றி வைப்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இதை வீட்டு விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு ஒரு பெரிய சான்று பெங்களூருக்கு மேற்கே பியாலாலுவில் இருக்கிறது. 2013 மே மாதம் அங்கே இஸ்ரோவின் வழிநடத்தல் மையம் தொடங்கப்பட்டது. நாவிக் எனப்படும் நம் செயற்கைக்கோள் அமைப்பின் நேரம் அங்குள்ள அணுக்கடிகாரங்களால் பேணப்படுகிறது. அந்நேரத்தின் தொடக்கம் 1999 ஆகஸ்ட் 22, அதாவது ஜிபிஎஸ்ஸின் முதல் சுற்று முடிந்த அதே நள்ளிரவு. நாவிக்கின் வார எண்ணுக்கும் பத்து பிட்தான். நாம் நமக்கென ஒரு காலத்தைத் தொடங்கியபோதும் அதே அளவுள்ள ஏட்டைத்தான் எடுத்துக்கொண்டோம்.

ஆனால் கடிகாரம் நம்முடையதாக இருக்கவில்லை. நாவிக்கின் முதல் செயற்கைக்கோளில் இருந்த, வெளிநாட்டில் தயாரான மூன்று ருபீடியம் கடிகாரங்களும் செயலிழந்தன. செயற்கைக்கோள் சுற்றிக்கொண்டே இருந்தது. நேரம் இல்லாததால் இடம் சொல்ல முடியாமல் போயிற்று. 2017 ஆகஸ்டில் அனுப்பிய மாற்றுச் செயற்கைக்கோள் வெப்பக் கவசம் பிரியாமல் தோல்வியுற்றது. 2018 ஏப்ரலில் அடுத்தது வென்றது. 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01இல்தான் இந்தியாவில் உருவான ருபீடியம் கடிகாரம் முதன்முதலாக விண்ணேறியது. ரகுநாதாச்சாரியின் காலத்தில் நம்மவர் பிறர் அமைத்த கடிகாரத்தைப் பார்த்து எழுதினர். அங்கிருந்து இங்கே வர ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

இன்று பணப் பரிமாற்றமும் மின்கட்டமைப்பும் கைப்பேசிக் கோபுரமும் நொடியின் நுண்பகுதிகளை நம்பி நிற்கின்றன. கணினிகளின் நேரத்தைத் தேசியத் தகவலியல் மையத்தின் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சேவையகத்தோடு இசைவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஆணையிட்டது. இந்தியச் சீர்நேரத்தைப் பரப்ப நாட்டில் ஐந்து மையங்கள் திட்டமிடப்பட்டன. அவற்றுள் ஒன்று பெங்களூரு. நுங்கம்பாக்கத்துப் பீரங்கியின் வேலை இனி ஒளியிழைக்கு.

இவ்வளவுக்கும் நடுவே, எடைக்குப் போகவிருந்த ஒரு கருவியைக் காப்பாற்றுவதில் என்ன இருக்கிறது? மின்கழிவு ஒன்று குறையும் என்பது உண்மை; அது சிறு பயன். நான் பெரிதாகக் கருதுவது வேறு. ஒரு சான்று ஓரிடத்தில் பிழைபட்டது என்பதற்காக அதை முழுவதும் தள்ளிவிடும் பழக்கம் நம் ஆய்வுலகிலும் உண்டு. காலம் தவறாகக் குறிக்கப்பட்ட ஏடு, பெயர் மாறிய கல்வெட்டுப்படி, தேதியில்லாத பழைய ஒலிநாடா ஆகியவை 'நம்பத்தக்கதல்ல' என்னும் ஒரே முத்திரையோடு அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் போகின்றன. எதை அது சரியாகச் சொல்கிறது, எதைச் சொல்லும் தகுதி அதற்கில்லை என்று பிரித்தறிவதே ஆய்வாளரின் வேலை. பேசுபவர் எந்த ஆண்டில் பேசினார் என்பதை ஒலிநாடா சொல்லாமல் போகலாம். அவருடைய நெடில் எவ்வளவு நீண்டது என்பதை அது மறைப்பதில்லை.

ஜிபிஎஸ் வார எண் அடுத்து 2038 நவம்பரில் சுழியத்துக்குத் திரும்பும். அதற்கு முன்பே, 1900 முதல் நொடிகளை எண்ணும் என்.டி.பி.யின் 32 பிட் எண்ணும் 2036 பிப்ரவரியில் நிறைந்து திரும்பும். அன்று இன்னும் பல கருவிகள் தேதியை மறக்கும். அவற்றின் துடிப்பு அப்போதும் சரியாகவே இருக்கும்.

பழைய பஞ்சாங்கங்களோ, ஊர்க்கோயில் நாழிகை வட்டில் பற்றிய செய்திகளோ, தேதி குறிக்கப்படாத பேச்சுப் பதிவுகளோ உங்கள் வீட்டில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பின்னூட்டத்தில் தெரிவியுங்கள். நாளைச் சேர்ந்து கண்டுபிடிப்போம்.